பிஎல்சியில் உள்ளேயே ஈதர்நெட்டா, சீரியலுக்கு அடாப்டரா?

கேள்வி, 2023 செப்டம்பர் 9

தம்பலகாமத்தில் ஓர் அரிசி மில்லில் வேலை செய்கிறேன். நெல் அவிக்கும் தொட்டி, டிரையர், எலிவேட்டர் மூன்றையும் ஓட்டுவது பழைய மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி). பக்கத்தில் 485 ஏடிபி (485 என்ற சீரியல் வயரில் பேசும் மொடியூல்) பூட்டி, மோட்டார் வேகத்தை மாற்றும் எட்டு இன்வெர்ட்டரும் ஒரு கரண்ட் மீட்டரும் மொட்பஸில் (இந்தச் சாமான்கள் பேசும் மொழி) ஓடுகின்றன. முதலாளிக்கு இப்போது டிரையர் சூடும் மோட்டார் கரண்டும் ஒபிஸ் கொம்பியூட்டரில் தெரிய வேண்டுமாம். ஒபிஸ் மில்லில் இருந்து 150 மீட்டர். கொழும்பில் ஒருவர் பழைய பிஎல்சிக்கே ஈதர்நெட் அடாப்டர் போதும் என்கிறார். இன்னொருவர் அதைக் கழற்றிவிட்டு ஈதர்நெட் உள்ளேயே இருக்கும் புதியதை எடுக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் சாமான் விற்கிறவர்கள். அண்ணாமார் என்ன சொல்கிறீர்கள்?

பதில், செப்டம்பர் 9, இரவு

தம்பி, எந்த பிஎல்சி எடுத்தாலும் அந்த எட்டு இன்வெர்ட்டரும் மீட்டரும் 485இல்தான் பேசும். அவற்றையும் ஈதர்நெட் ஆக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை வாங்க வேண்டும். உங்கள் முதலாளி அதற்குச் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் தேவையில்லை. ஆகவே சீரியல் எப்படியும் மில்லுக்குள் இருக்கத்தான் போகிறது. உங்கள் கேள்வி பிஎல்சிக்கும் ஒபிஸுக்கும் நடுவில் உள்ள அந்த 150 மீட்டரைப் பற்றி மட்டும்தான். அதைத் தனியாக எடுத்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: மேலே போவதற்கு ஈதர்நெட், கீழே சாமான்களோடு பேச 485. புதிதாக வாங்குவதானால் இரண்டும் உள்ள பிஎல்சி. அடாப்டர் என்பது இன்னும் இரண்டு மூன்று வருடம் மட்டும் ஓடப்போகும் இயந்திரத்துக்கு.

செப்டம்பர் 10

அடாப்டர்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வெறுப்பு இல்லை, பட்ட பாடு.

2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது புதிய பிஎல்சி எடுக்க வழியே இல்லை. நான் பராமரிப்புக்குப் போகும் ஐஸ் கட்டித் தொழிற்சாலை ஒன்றில் கையில் கிடைத்ததை வைத்துச் சங்கிலி கட்டினோம். பிஎல்சியின் எட்டு ஊசி வட்ட போர்ட்டில் இருந்து 422 – 232 கன்வெர்ட்டர் (ஒரு வகைச் சீரியலை இன்னொரு வகை ஆக்கும் பெட்டி). அதில் இருந்து சீரியல் – ஈதர்நெட் பெட்டி. அதில் இருந்து ஸ்விட்ச். ஒபிஸ் கொம்பியூட்டரில் அந்தப் பெட்டிக்கென்று ஒரு போலி கொம் போர்ட் (சீரியல் துளை இருப்பதுபோல் காட்டும் சொப்ட்வெயார்). நான்கு இடம், அதில் இரண்டுக்குத் தனித்தனி பவர் அடாப்டர்.

ஓடியது, நன்றாகவே ஓடியது. ஆனால் திரையில் எண்கள் அசையாமல் நின்றால் நாலில் எது என்று தேடுவதே ஒரு வேலை. ஒரு தடவை காரணம் இதுதான்: கன்வெர்ட்டர் பெட்டியைப் பேனல் ரெயிலில் பூட்ட வழி இல்லாததால் இரட்டைப்பக்க டேப்பால் பேனல் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கச்சான் காற்றுக் காலம், தகரக் கூரை. டேப் இளகிப் பெட்டி தொங்கி, கொம்ப்ரஸர் அதிர்வில் பவர் பின் பாதி கழன்று, பச்சை லைட் மினுங்கிக்கொண்டே இருந்தது. லைட் எரிகிறதே என்று அதைவிட்டு மற்றதெல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்தோம்.

கடையில் கிடைக்கும் மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 40 பாகை வரைக்கும்தான். பிஎல்சிக்கு 55 என்று போட்டிருப்பார்கள். ஓகஸ்ட் மாதம் மத்தியானம் மூடிய பேனலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த 15 பாகை வித்தியாசம் என்னவென்று தெரியும்.

செப்டம்பர் 10, பிறகு

அடாப்டர் என்று இரண்டு வேறு சாமானைச் சொல்கிறோம், பிரித்துவிடுகிறேன். மேலே நான் திட்டியது வெளிப் பெட்டியை. பிஎல்சி செய்த கம்பனியே அதன் பக்கத்தில் பூட்டத் தரும் மொடியூல் வேறு. அது பிஎல்சியிடமே பவர் எடுக்கும், அதே ரெயிலில் நிற்கும், கழன்று விழாது. எஃப்எக்ஸ்3யூவுக்கு எனெட் ஏடிபி என்று ஈதர்நெட் மொடியூல் ஒன்று உண்டு. ஆனால் சிபியு (பிஎல்சியின் மூளை) பதிப்பு 3.10 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஏற்கும். தம்பி, லப்டொப்பை மாட்டி டி8001 ரெஜிஸ்டரை (எண் வைக்கும் நினைவு அறை) பாருங்கள். 24 என்று தொடங்கும் ஐந்து இலக்கம் வரும், கடைசி மூன்றும்தான் பதிப்பு. 24310 என்றால் 3.10. கொழும்புக்காரர் இதைக் கேட்டாரா?

செப்டம்பர் 14

சீரியலே போதும் என்று கிண்ணியாவில் இருந்து ஒரு நானா எழுதியிருக்கிறார். அவர் சொல்வதை மறுக்க முடியாது. 485 வெறும் இரண்டு வயரில் ஓடும், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், 1200 மீட்டர் போகும். ஈதர்நெட் செம்பு வயர் 100 மீட்டரோடு நின்றுவிடும். மொட்பஸ் 1979இல் வந்தது, இன்னும் சாகவில்லை. எல்லாம் சரி நானா.

ஆனால் அந்த 1200ஐ அப்படியே நம்பிக் கேபிள் வாங்கப் போகவேண்டாம். அது வேகம் குறைவாக, வயர் நல்லதாக, இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால். அதைவிட முக்கியம், பிஎல்சியில் இருக்கும் போர்ட் எது என்பது. எஃப்எக்ஸ்3யூவின் முகத்தில் பூட்டும் 485 பிடி அட்டைக்கு எல்லை 50 மீட்டர். பக்கத்தில் பூட்டும் ஏடிபிக்கு 500. ஒரே கம்பனி, ஒரே 485, பத்து மடங்கு வித்தியாசம். பிடி அட்டைக்கு ஐசொலேஷன் (இரண்டு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைப்பது) இல்லை என்பதுதான் காரணம்.

இன்னொன்று. 485 இரண்டு வயர் என்பது பாதி உண்மை. இரண்டு முனையின் ஏர்த்துக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் வந்தால் −7இல் இருந்து +12 வரைதான் சிப் தாங்கும். மில்லில் ஒரு ஏர்த், பம்ப் அறையில் வேறு ஏர்த் என்றால் மூன்றாவது வயர் வேண்டும், அல்லது ஐசொலேஷன் உள்ள ரிப்பீட்டர் வேண்டும். நானாவுக்கு இது தெரியும், அவர் பழைய ஆள். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

செப்டம்பர் 15

"சீரியல் மெதுவானது, ஈதர்நெட் வேகமானது" என்று ஒருவர் ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

செக்கனுக்கு 9600 பிட் வேகம், ஈவன் பேரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் ஒரு பிட்). ஓர் எழுத்துக்கு 11 பிட். ஓர் இன்வெர்ட்டரிடம் 10 ரெஜிஸ்டர் கேட்க 8 பைட் போகும், 25 பைட் திரும்பி வரும். மொத்தம் 33 எழுத்து, 363 பிட், ஏறக்குறைய 38 மில்லி செக்கன். இடைவெளியும் இன்வெர்ட்டர் யோசிக்கும் நேரமும் சேர்த்தால் 55 என்று வையுங்கள். ஒன்பது சாமானுக்கு அரை செக்கன். டிரையர் சூடு அரை செக்கனில் மாறுமா? அந்த உமி அடுப்புக்கு ஒரு பாகை ஏறவே நிமிடக் கணக்கு. 19200 போட்டால் வயரில் போகும் நேரம் இதில் பாதி.

மெதுவாவது வேறு காரணத்தால். எட்டில் ஓர் இன்வெர்ட்டரின் பிரேக்கரை யாரோ அணைத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். பிஎல்சி அதைக் கூப்பிடும், பதில் வராது, ஒரு செக்கன் காத்திருக்கும், திரும்பக் கூப்பிடும், இன்னொரு செக்கன், மூன்றாவது தடவையும். அதுவரை மற்ற ஏழும் மீட்டரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒபிஸில் இருப்பவர் "லைன் முழுக்கப் பழுது" என்று போன் அடிப்பார். 485இல் ஓர் ஆள் வாயை மூடினால் எல்லோருக்கும் தாமதம். ஈதர்நெட்டில் பிஎல்சி ஒவ்வொன்றோடும் தனித் தொடர்பு வைத்திருப்பதால் ஒன்று செத்தாலும் மற்றது பாட்டுக்கு ஓடும்.

மருந்து சுலபம்: டைம்அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 100, 200 மில்லி செக்கனுக்குக் குறையுங்கள். பதில் தராத சாமானைப் பத்து செக்கனுக்கு ஒரு தடவை மட்டும் கூப்பிடும்படி புரோகிராம் எழுதுங்கள். இதைச் செய்யாமல் பிஎல்சியை மாற்றிக் காசைக் கொட்டிய இடம் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 16

மொட்பஸில் இரண்டு செய்திக்கு நடுவில் விடவேண்டிய 3.5 எழுத்து மௌனத்தைச் சேர்த்தேனா என்று நானா கேட்கிறார். ஆம், நானா, அதையும் கணக்கில் எடுத்துத்தான் 55.

செப்டம்பர் 23

யூஎஸ்பி – சீரியல் டொங்கிள் (லப்டொப்பின் யூஎஸ்பி துளையில் குத்திச் சீரியல் எடுக்கும் சிறு கருவி) பற்றிப் பேச்சு போகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் விடமாட்டேன்.

திருகோணமலையில் பிஎல்சி வேலை செய்யும் எல்லோர் வீட்டிலும் ஒரு பழைய லப்டொப் இருக்கும். பற்றரி இல்லை, ஒரு கீ இல்லை, திரையில் ஒரு கோடு. விற்கமாட்டோம். ஏனென்றால் அதில் உண்மையான சீரியல் போர்ட் இருக்கிறது. பெண்சாதிமார் இதை வைத்துச் சிரிக்கட்டும்.

டொங்கிளில் மூன்று விஷயம். ஒன்று, வேறு யூஎஸ்பி துளையில் குத்தினால் கொம் எண் மாறிவிடும்; நேற்று கொம் 3, இன்று கொம் 7, சொப்ட்வெயார் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு, போலிச் சிப். 2014இல் இந்தச் சிப் செய்யும் எஃப்டிடிஐ கம்பனியின் டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட்டில் வந்து போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூச்சியம் ஆக்கிவிட்டது, டொங்கிள்கள் அப்படியே செத்தன. புரொலிஃபிக் சிப்பின் போலிகள் புதிய டிரைவரில் "கோட் 10" என்று மறுத்துவிடும். கடைக்காரரிடம் உண்மையா போலியா என்று கேட்டால் அவர் விலையைச் சொல்வார். மூன்று, எஃப்டிடிஐ டிரைவரில் லேட்டன்சி (வந்ததைப் பிடித்து வைத்திருக்கும் நேரம்) 16 மில்லி செக்கன் என்று போட்டு வரும். மொட்பஸ் கேள்வி ஒவ்வொன்றுக்கும் அந்தத் தாமதம் சேரும். டிவைஸ் மனேஜரில் 1 ஆக்கிவிடுங்கள்.

லப்டொப்போடு கொண்டுபோய் மாட்டிக் கழற்ற டொங்கிள் சரி. 24 மணி நேரமும் ஓடும் கொம்பியூட்டருக்கும் பேனலுக்கும் நடுவில் நிரந்தரமாக அதை வைப்பதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

செப்டம்பர் 24

உள்ளே ஈதர்நெட் இருப்பதில் எனக்குப் பிடித்தது வேகம் இல்லை. இரவு பதினொரு மணிக்குப் பழுது என்று கூப்பிட்டால், எந்த லப்டொப்பும் எந்த லான் வயரும் போதும். அந்த எட்டு ஊசி புரோகிராமிங் கேபிள் அறுந்தால் இங்கே ஒரு கடையிலும் இல்லை, கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வரும்வரை மில் நிற்கும். லான் வயர் கொம்பியூட்டர் விற்கும் எந்தக் கடையிலும் உண்டு. புரோகிராம் எழுதியவர் கொழும்பில் இருந்தாலும் அங்கிருந்தே உள்ளே வந்து பார்க்கலாம்.

அக்டோபர் 8

மழை தொடங்கிவிட்டது. இனி நான் மேலே எழுதியதைக் கொஞ்சம் அசைக்கப்போகிறேன்.

வாடை தொடங்கும் முன் இந்த இரண்டு மாதமும் பின்னேரம் ஆனால் இடிமின்னல். சித்திரையிலும் அப்படித்தான். நிலாவெளிப் பக்கம் ஒரு பம்ப் அறை. பேனலுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் வெளியால் லான் வயர் இழுத்திருந்தார்கள், 60 மீட்டர், கணக்குக்கு 100க்குள்தான். ஒரு பின்னேரம் அடித்த மின்னலில் இரண்டு முனையிலும் போர்ட் போய்விட்டது. ஈதர்நெட் போர்ட்டுக்குள் டிரான்ஸ்ஃபோமர் இருக்கிறது, 1500 வோல்ட் தாங்கும் என்பது தரத்திலேயே இருக்கிறது, ஏர்த் வித்தியாசத்துக்கு 485ஐவிட அது எவ்வளவோ நல்லது. மின்னல் 1500 வோல்ட்டோடு நிற்குமா?

இங்கேதான் உள்ளே இருக்கும் ஈதர்நெட்டின் குறை. போர்ட் போனால் சிபியு போனது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கலாம், ஆனால் இனி அதனோடு பேச வழியில்லை, முழுதாக மாற்ற வேண்டும். பக்கத்தில் பூட்டும் மொடியூலாக இருந்தால் மொடியூலை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் அடாப்டர்க்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதற்காக நான் கட்சி மாறவில்லை. பிஎல்சி போர்ட்டில் இருந்து ஒரு முழ வயர் பேனலுக்குள் இருக்கும் சிறிய ஸ்விட்ச்சுக்கு மட்டும் போகட்டும். வெளியே போகும் எந்த வயரும் ஸ்விட்ச்சில் இருந்துதான் கிளம்ப வேண்டும். அடி விழுந்தால் முதலில் ஸ்விட்ச் வாங்கிக்கொள்ளும், அது மலிவு. கட்டடத்துக்குக் கட்டடம் போவதென்றால் செம்பே வேண்டாம், ஃபைபர். 485 வயரை வெளியால் இழுத்தவர்களுக்கும் இதேதான். மின்னலுக்கு எந்த வயர் என்ற பேதம் இல்லை.

அக்டோபர் 9

ஃபைபர் என்றதும் பயப்பட வேண்டாம். 100 மெகா மல்டிமோட் ஃபைபர் 2 கிலோமீட்டர் போகும், உங்கள் 150 மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு முனைக்கும் மீடியா கன்வெர்ட்டர். ரெயிலில் பூட்டும் வகை, 24 வோல்ட்டில் ஓடும் வகை என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் என் டேப் கதைதான். கேபிளுக்குள் இரும்புக் கம்பியோ உலோகக் கவசமோ இல்லாததைக் கேளுங்கள். இருந்தால் மின்னலுக்கு மறுபடியும் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி.

அக்டோபர் 21

மூதூரில் இருந்து ஒருவர்: சீரியல் – ஈதர்நெட் பெட்டி பூட்டியாயிற்று, பிங் போகிறது, லைட் மினுங்குகிறது, ஆனால் ஸ்கடாவில் (எண்களைக் கொம்பியூட்டர் திரையில் காட்டும் சொப்ட்வெயார்) ஒரு எண்ணும் வரவில்லை.

ஐயா, உங்கள் பெட்டி வெறும் தபால்காரன். 485இல் வந்ததை உறைக்குள் போட்டு அப்படியே லானில் அனுப்புகிறது. ஸ்கடா மொட்பஸ் டிசிபி (ஈதர்நெட்டுக்கென்று உள்ள மொட்பஸ்) எதிர்பார்க்கிறது. மொட்பஸ் டிசிபியில் முன்னால் 7 பைட் தலைப்பு உண்டு, கடைசியில் சிஆர்சி (பிழை பார்க்கும் எண்) கிடையாது. உங்கள் பெட்டி அனுப்புவதில் தலைப்பு இல்லை, சிஆர்சி இருக்கிறது. ஸ்கடாவில் "ஆர்டியு ஓவர் டிசிபி" என்று ஒரு தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் கேட்வே என்று விற்கும் பெட்டி வேண்டும், அது மொழிபெயர்த்து அனுப்பும். வெளியில் இருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், விலைதான் வேறு.

அதோடு 485 பக்கத்தையும் பாருங்கள். எல்லாவற்றின் பவரையும் நிறுத்திவிட்டு ஏ, பி இரண்டுக்கும் நடுவில் ஓம் அளவுங்கள். 60 பக்கம் வந்தால் இரண்டு முனையிலும் 120 இருக்கிறது. 120 வந்தால் ஒன்று இல்லை. 40 வந்தால் யாரோ நடுவிலும் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். பிறகு பவரைப் போட்டு, யாரும் பேசாத நேரம் வோல்ட் பாருங்கள். 200 மில்லி வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் ஏயையும் பியையும் மாற்றிப் பூட்டுங்கள். எது ஏ, எது பி என்பதில் கம்பனிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

அக்டோபர் 22

மூதூர் ஐயாவுக்கு வந்துவிட்டதாம். ஏ – பி மாற்றம்தான். மேலே நான் எழுதிய மற்றதெல்லாம் வீணாகவில்லை, யாருக்காவது உதவும்.

நவம்பர் 2

தம்பியின் முதலாளிக்கு இப்போது போனிலும் பார்க்க வேண்டுமாம். எதிர்பார்த்ததுதான்.

றூட்டரில் மொட்பஸ் டிசிபியின் 502 போர்ட்டை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டாம். மொட்பஸில் பாஸ்வேர்ட் என்ற பேச்சே இல்லை. கேட்டவனுக்குப் பதில் சொல்லும், எழுதச் சொன்னால் எழுதும். உங்கள் டிரையர் ஃபேனை யாரோ முகம் தெரியாதவன் நிறுத்தலாம். விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனி வழி) வழியாக மட்டும் விடுங்கள்.

"நாங்கள் சீரியல், எங்களுக்குப் பயமில்லை" என்கிறவர்களுக்கும் ஒன்று. 2015 டிசம்பர் 23 யுக்ரேனில் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, தாக்கியவர்கள் உப மின்நிலையங்களில் இருந்த சீரியல் – ஈதர்நெட் கன்வெர்ட்டர்களின் ஃபேர்ம்வெயாரை மேலெழுதிக் கெடுத்துவிட்டார்கள். தூரத்தில் இருந்து ஒன்றும் இயக்க முடியாமல், ஆட்கள் நேரே போய்க் கையால் பிரேக்கர் போட வேண்டி வந்தது. பிஎல்சி சீரியலாக இருக்கலாம். பெட்டி லானில்தானே நிற்கிறது.

நவம்பர் 5

தம்பி டி8001 படம் அனுப்பியிருக்கிறார்: 24220. பதிப்பு 2.20. ஆகவே எனெட் ஏடிபி கதை முடிந்தது. மிஞ்சியது வெளிப் பெட்டி, அல்லது புதிய பிஎல்சி. அவுட்புட் இரண்டு ஏற்கனவே செத்துவிட்டது என்றும் இப்போதுதான் சொல்கிறார். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

தம்பி மிட்சுபிஷியின் அடுத்த பிஎல்சியான எஃப்எக்ஸ்5யூ என்று யோசிப்பது சரி, ஈதர்நெட்டும் 485ம் உள்ளேயே உண்டு. சீமென்ஸ் எஸ்7-1200இலும் ஈதர்நெட் உள்ளே இருக்கிறது, ஆனால் 485க்குத் தனி அட்டையோ மொடியூலோ வாங்க வேண்டும், புரோகிராமையும் முதலில் இருந்து எழுத வேண்டும். மிட்சுபிஷியோடு நில்லுங்கள்.

இரண்டு விஷயம் விலைச்சீட்டில் வராது. எஃப்எக்ஸ்5யூவுக்குப் புரோகிராம் எழுத ஜிஎக்ஸ் வர்க்ஸ்3 சொப்ட்வெயார் வேண்டும்; பழைய புரோகிராமை அதற்கு மாற்றலாம், ஆனால் இன்வெர்ட்டரோடு பேசும் பகுதி அப்படியே வராது, ஒருவர் இருந்து எழுத வேண்டும். அடுத்தது, உள்ளே இருக்கும் 485க்கு எல்லை 50 மீட்டர். அவிக்கும் தொட்டியில் இருந்து கடைசி எலிவேட்டர் வரை உங்கள் லைன் எவ்வளவு?

நவம்பர் 6

70 மீட்டராம். அப்படியென்றால் உள்ளே இருக்கும் 485ஐ நம்பாமல் எஃப்எக்ஸ்5-485ஏடிபி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், அது 1200 மீட்டர் வரை. உள்ளே இருக்கும் போர்ட்டைப் பேனலுக்குள் நிற்கும் மீட்டருக்கு மட்டும் விடலாம். அப்போது இன்வெர்ட்டர் லைனில் என்ன நடந்தாலும் கரண்ட் கணக்கு ஒபிஸுக்கு வந்துகொண்டிருக்கும்.

நானா சிரிப்பார்: உள்ளே ஈதர்நெட் என்று தொடங்கிக் கடைசியில் சீரியல் அடாப்டர் வாங்கச் சொல்கிறேன். சிரிக்கட்டும், ஆள் சொன்னதில் பாதி சரி என்று செப்டம்பரிலேயே எழுதிவிட்டேன்.

நவம்பர் 12

ஓடர் போட்டாயிற்றாம். சாமான் வரும்வரை செய்ய வேண்டியது: எட்டு இன்வெர்ட்டரிலும் வேகம் 19200, ஈவன் பேரிட்டி, ஒரு ஸ்டொப் பிட் என்று ஒரே மாதிரி வையுங்கள். முகவரி 1இல் இருந்து 8, ஒவ்வொன்றின் மூடியிலும் ஸ்டிக்கர். பழைய ஜங்ஷன் பெட்டியில் இருந்து நட்சத்திரமாக நாலு பக்கம் பிரிந்து போகும் வயரைக் கழற்றி, ஒன்றில் இருந்து அடுத்ததுக்கு என்று வரிசையாக இழுங்கள். மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போட வேண்டாம். 485 வயரின் ஷீல்டை (வெளி உலோகக் கவசம்) பிஎல்சி பக்கம் மட்டும் ஏர்த் பண்ணுங்கள். பிஎல்சிக்கு 192.168.1.1 கொடுக்க வேண்டாம், ஒபிஸ் றூட்டர் அந்த எண்ணில்தான் நிற்கும். வேறு எண் கொடுத்து அதைப் பேனல் கதவின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.